பதினோரு தோல்கள்

மெர்செதெஸ்,
3 மார்ச் 1998

கிரிஸ்பின்,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். நலமா? இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். மழை இல்லை, ஈ நிறைய.

இரண்டு வருடம் கழித்து அக்கா எழுதுகிறாள் என்றால் காரணம் இல்லாமல் இருக்காது என்று உனக்கே தெரியும். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி, சனிக்கிழமை, நொயெமிக்குப் பதினைந்து வயது. உன் மகள், நீ மறந்திருக்க மாட்டாய். அவள் அம்மா செத்தபோது நாலு வயது. அன்றிலிருந்து என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவள் இன்றைக்கு என்னைவிட உயரம். பிறந்தநாள் விழாவுக்குக் கால்பந்து கிளப்பின் கூடத்தைச் சொல்லிவைத்துவிட்டோம். ரோஸ் நிறத் துணி தையற்காரியிடம் போய்விட்டது. தினமும் என் உயிரை எடுக்கிறாள்: "அத்தை, தட்டைச் செருப்பைக் கழட்டிட்டு ஹீல்ஸ் மாட்டிவிட அப்பா வருவாருல்ல? முதல் வால்ட்ஸ் ஆட்டம் அவர்கூடத்தானே?"

நான் எழுத வந்தது இதுதான். நீ வராதே.

கோபத்தில் சொல்லவில்லை. கோபம் எப்போதோ ஆறிவிட்டது. பயத்தில் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் அன்செல்மோவின் முழங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. இருநூறு பேர் வருவார்கள். இறைச்சி சுடும் இடத்தில் கத்தி இருக்கும், பையன்கள் வெடி போடுவார்கள். மருந்துக்கடைக்காரி நேற்று என்னிடமே கேட்டாள்: "உன் தம்பியைக் கூப்புடுறியா? சண்டைக்குப் போய்ட்டு வந்தவன் எப்ப வெடிப்பான்னு யாருக்குடி தெரியும்?" நான் வாயைத் திறக்கவில்லை. அன்செல்மோவோ வேறு மாதிரி: "எங்க சித்தப்பா அந்தக் காலத்துச் சாக்கோ சண்டைல மூணு வருஷம் கெடந்தாரு. வந்து அக்கார்டியன் வாசிச்சாரு, ஒம்பது புள்ளை பெத்தாரு. இவன் ரெண்டே மாசம். ஒரு இங்கிலீஷ்காரன் மூஞ்சியக்கூடப் பாக்கலையாம். கையும் காலும் முழுசா இருக்கு. பதினாறு வருஷம் ஆச்சு, இன்னும் என்னவாம்?"

நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

லீவு கிடைக்கவில்லை என்று நொயெமிக்கு நாலு வரி அன்பாக எழுதிவிடு. செருப்பை அன்செல்மோ மாற்றிவிடட்டும்.

உன் அக்கா,
தெயோலிந்தா


ரொசாரியோ,
19 மார்ச்

அக்கா,

கடிதம் வந்தது. வருகிறேன் என்று நான் எங்கே சொன்னேன்?

நொயெமிக்குத் தனியாக எழுதிப் போட்டுவிட்டேன். லீவு இல்லை என்று நீ சொன்ன பொய்யையே எழுதினேன். அத்தான் ஆடட்டும், எனக்கு வருத்தம் இல்லை.

பேக்கரியில் வேலை செய்கிறேன். எலிசெயோ இருந்தபோது சேர்த்துவிட்டான். எண்பத்திரண்டு சண்டையில், தீவில் என் பக்கத்துப் பதுங்கு பள்ளத்தில் இருந்தவன் அவன். அடுப்புப் பக்கம் எப்போதும் சூடு, எப்போதும் ரொட்டி. எனக்கு வேறென்ன வேண்டும்? மேலே ஓர் அறை. சாயங்காலம் தண்ணீர் சுடவைத்து மாத்தே இலை போட்டுக்கொள்கிறேன். ஊற்றிக் கொடுப்பவனும் நான், வாங்கிக் குடிப்பவனும் நான். முதலில் சிரிப்பாக இருந்தது. இப்போது பழகிவிட்டது.

வியாழக்கிழமைகளில் தீவுக்குப் போன எங்கள் ஆட்கள் ஏழெட்டுப் பேர் ஒரு டாக்டரம்மாவோடு வட்டமாக உட்காருகிறோம். நான் ஒன்றரை வருடமாகப் போகிறேன். இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. மற்றவர்களாவது மலைமேல் நின்று சுட்டவர்கள். எனக்குப் பேச என்ன உரிமை?

ஒரு உதவி. செருப்பை நான் வாங்குகிறேன். அவள் பாதத்தைத் தாள்மேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பு.

இன்னொன்று. நான் அத்தான்மேல் கத்தியோடு பாயவில்லை. நீ நம்ப வேண்டாம். எழுதிவைக்கிறேன், அவ்வளவுதான்.

கிரிஸ்பின்


மெர்செதெஸ்,
5 ஏப்ரல்

தம்பி,

தாளைப் பிரித்துப் பார். இடது கால் கொஞ்சம் பெரிதாகத் தெரியும், அவள் சிரித்து ஆட்டிவிட்டாள். அப்பாதான் வாங்குகிறார் என்றதும் அந்தத் தாளை அவளே மடித்து உறையில் போட்டாள்.

பாயவில்லை என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டால் ஆயிற்றா? உனக்கு வேலை இல்லை என்று வந்தாய், நாங்கள் வா என்றோம். சும்மா உட்கார்ந்திருக்கிற மனசில்தான் பேய் குடியேறும், கைக்கு வேலை கொடுத்தால் சரியாகிவிடும் என்று அன்செல்மோ உன்னை முளையடித்து மாட்டுத்தோலை இழுத்துக் கட்டச் சொன்னார். நல்ல எண்ணத்தில்தானே? நாலாம் நாள் கொல்லைப்புறம் போய்ப் பார்க்கிறேன். வெயிலில் இழுத்துக் கட்டிய பதினோரு தோலும் அவிழ்ந்து கிடக்கிறது, தோல்வார் எல்லாம் துண்டு துண்டு, என் புருஷன் கையில் ரத்தம், நீ கத்தியோடு நின்று அழுகிறாய். நான் என்னவென்று நினைக்க?

அந்தத் தோல்கள் உன்னை என்னடா செய்தன? சொல்.

இல்லை, சொல்லாதே. எழுதும்போதே அம்மா ஞாபகம் வந்துவிட்டது. எண்பத்திரண்டில் நீ திரும்பி வந்த அன்று ரயில் நிலையத்தில் எங்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி அம்மா சொன்னாள்: "யாரும் புள்ளைய ஒண்ணும் கேக்கக் கூடாது. கேட்டா கிளறுன மாதிரி ஆயிடும். கேக்காம விட்டா தானா மறந்துடுவான்." சாகும்வரை அவளும் கேட்கவில்லை, எங்களையும் கேட்கவிடவில்லை. மெத்தைக்கு அடியில் ரொட்டி ஒளித்துவைப்பாயே, எறும்பு ஊரும். நான் விடியுமுன் எடுத்து, எறும்பைத் தட்டி, புது ரொட்டியை அதே இடத்தில் வைப்பேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுதான் பாசம் என்று இருந்தோம்.

இன்னொரு விஷயமும் உனக்குத் தெரியாது. நீ உயிரோடு வந்தால் இத்தாத்தி மாதா கோயிலுக்கு நீ நடந்தே வருவாய் என்று அம்மா நேர்ந்துகொண்டாள். விரல் போன உன் காலைப் பார்த்த பிறகு சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வேண்டுதலை முடிக்காததால்தான் உன் மனசு இப்படி என்று ஊரில் பேசினார்கள். தொண்ணூற்றாறில், நீ போன பிறகு, உனக்காக நான் நடந்தேன். கொரியென்டஸ் நகரத்திலிருந்து இரண்டு நாள். வேண்டுதல் யார் பேரில் இருக்கிறதோ அவன் நடக்க வேண்டுமாம், பாதிரியார் சொன்னார். ஆக என் கால் கொப்புளம் வீண்.

தெயோலிந்தா


ரொசாரியோ,
10 மே

அக்கா,

உன் கடிதத்தை நான்கு வாரமாகச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். ரயில் நிலையத்தில் அம்மா சொன்னதை நீ எழுதியிருந்தாயே, அந்த இடம் கசங்கிக் கிழிந்துவிட்டது.

போன வியாழக்கிழமை வட்டத்தில் வாய் திறந்தேன். அங்கே சொன்னதை உனக்கும் சொல்கிறேன். சொல்லிவிட்டால் பிறகு நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

பசியிலிருந்து தொடங்க வேண்டும். தீவில் எங்கள் பள்ளத்துக்குச் சாப்பாடு ஒரு வேளை வந்தது, பிறகு இரண்டு நாளைக்கு ஒரு முறை, பிறகு வெறும் தண்ணீர். நானும் எலிசெயோவும் ஓர் ஆட்டைப் பிடித்தோம். அந்தத் தீவுக்காரர் யாரோ ஒருவருடைய ஆடு. பாதி வெந்ததும் தின்றோம். எங்கள் கார்ப்பரல் பார்த்துவிட்டான். "திருட்டு நாய்ங்களா" என்றான். கூடாரம் அடிக்கிற முளைகளை ஆளுக்கு நாலு அடிக்கச் சொன்னான். மல்லாக்கப் படுக்கவைத்து இரண்டு கை, இரண்டு கால், நாலு மூலைக்கும் இழுத்துக் கட்டினார்கள். "நல்லா இழு, அசையக் கூடாது" என்றான். கீழே ஊறிப்போன ஈர மண். காலையில் கட்டி இருட்டியபின் அவிழ்த்தார்கள். நடுவில் கப்பல்களிலிருந்து குண்டு விழுந்தது. மற்றவர்கள் பள்ளத்தில் இறங்கினார்கள். நாங்கள் அங்கேயே கிடந்தோம்.

எலிசெயோ மட்டும் பேசிக்கொண்டே இருந்தான். "டேய் கிரிஸ்பின், வானத்த நல்லாப் பாத்துக்க, டிக்கெட் இல்லாமக் காட்டுறாங்க." நான் சிரித்தேன் என்றுதான் ஞாபகம். என் கால் விரல் இரண்டு போனது அந்த நாளில்தான். பனியில் நின்றதால் என்று அம்மாவிடம் சொன்னேன்.

எதிரி செய்யவில்லை, அக்கா. செய்தவன் பேச்சைக் கேட்டால் நம் பக்கத்து ஊர்க்காரன். அத்தான் சொல்வது சரி, நான் ஓர் இங்கிலீஷ்காரன் முகத்தையும் பார்க்கவில்லை. இதற்கெல்லாம் யாராவது மனசு கெட்டுப்போவார்களா என்று நானே என்னைக் கேலி செய்துகொண்டிருந்தேன். ரெண்டே மாசம்தானே என்று வட்டத்திலும் சொன்னேன். டாக்டரம்மா, "ரெண்டு மாசம் எதுக்கு கிரிஸ்பின், அந்த ஒரு நாள் பத்தாதா?" என்றார். பக்கத்தில் இருந்தவன் மாத்தே நீட்டினான். வாங்கிக் குடித்தேன்.

திரும்பி வந்ததும் முகாமில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள், நடந்தது எதையும் வெளியே சொல்லமாட்டேன் என்று. பிறகு ரயில். நீங்கள் எல்லோரும் வரிசையாக நிற்கிறீர்கள். கட்டிப்பிடிக்கிறீர்கள். ஆனால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆட்டைத் திருடிய கதை எனக்கு முன்னாலேயே ஊர் வந்து சேர்ந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த அவமானத்தில்தான் வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை என்று நினைத்தேன். பதினாறு வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன், அக்கா. நீங்கள் எனக்காகப் பேசாமல் இருந்தீர்கள், நான் உங்களுக்காகப் பேசாமல் இருந்தேன். ஒரே வீட்டில்.

இப்போது தோல்கள். மூன்று நாள் கட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. நாலாம் நாள் அத்தான் பக்கத்தில் வந்து நின்று, "நல்லா இழுடா, அசையக் கூடாது" என்றார். பாவம், அவர் வேலையைச் சொன்னார். நான் திரும்பிப் பார்த்தபோது தரையில் கிடந்தவை தோல்கள் இல்லை. கத்தியை எடுத்து ஒவ்வொரு வாராக அறுத்தேன். கட்டிக் கிடந்தவர்கள் எழுந்திருக்கட்டும் என்றுதான் அறுத்தேன். அத்தான் பின்னாலிருந்து பிடித்தார். அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது.

எலிசெயோ போன வருடம் போய்விட்டான். அவன் யாரையும் ஒன்றும் செய்யவில்லை, தன்னைத்தான் முடித்துக்கொண்டான். அவன் தெருவில் எல்லோரும் குழந்தைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள், அவன் வந்தால். அவனிடமிருந்து எல்லோரையும் காப்பாற்றினார்கள். அவனைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, எனக்கும்கூட.

என்னைப் பற்றிப் பயப்படாதே, நான் வியாழக்கிழமைகளில் தவறாமல் போகிறேன்.

ஒரே ஒரு கேள்வி. மருந்துக்கடைக்காரி நினைப்பதைத்தான் நானும் என்னைப் பற்றி நினைத்திருந்தேன். அதனால்தான் நொயெமி பக்கமே வராமல் இருந்தேன். டாக்டரம்மா அது தப்பு என்கிறார். அவர் படித்தவர், அவர் சொல்லலாம். நீ என்னை வளர்த்தவள். நீ சொல். என் மகளை என்னுடன் தனியாக விட்டுவிட்டுப் போக உனக்கு மனசு வருமா?

கிரிஸ்பின்


மெர்செதெஸ்,
14 ஜூன்

கிரிஸ்பினு, என் ராசா,

என்ன எழுத? நான்கு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உன் கடிதத்தை நின்றபடி படிக்கத் தொடங்கி அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மரவள்ளிக்கிழங்கு கரிந்து வீடெல்லாம் புகை.

அந்தக் கார்ப்பரல் நாசமாய்ப் போகட்டும். இதைப் பாதிரியாரிடம் பாவமன்னிப்பில் சொல்லப்போவதும் இல்லை.

யாரிடமும் சொல்லாதே என்று நீ எழுதவில்லை. அதனால் அன்செல்மோவுக்கு வாசித்துக் காட்டினேன். "நல்லா இழுடா" என்ற இடம் வந்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "நான்தான்டி பின்னாடி போய்ப் புடிச்சேன். கத்தி அவன் கைல சும்மா இருந்துச்சு. நான்தான் அதுமேல விழுந்தேன். போலீஸ்ல மாத்திச் சொல்லிட்டேன். மச்சான் அழுதுட்டு நின்னான், எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. பாஞ்சான்னு சொன்னா ஊருக்குப் புரியும்னு தோணுச்சு." இரண்டு வருடம் அந்தப் பொய்யோடு என் பக்கத்தில் சாப்பிட்டிருக்கிறார் மனுஷன். அன்று இரவு நான் அவருக்குச் சோறு போடவில்லை.

மறுநாள் காலையில் கொல்லையில் ஒரு முளை இல்லை. எல்லாவற்றையும் பிடுங்கி அடுப்பில் வைத்து அதில்தான் மாத்தேக்குத் தண்ணீர் காய்ச்சினார். இப்போது தோலைக் கம்பியில் போட்டு நிழலில் காயவைக்கிறார். சுருங்குகிறது, விலை போகமாட்டேன் என்கிறது, பக்கத்து வீட்டுக்காரன் சிரிக்கிறான். அன்செல்மோ அடுத்த தோலை எடுத்துக் கம்பியில் போடுகிறார்.

நீ ஆகஸ்ட் பதினைந்துக்கு வர வேண்டும். வெடி போடக் கூடாது என்று பையன்களிடம் சொல்லியாயிற்று. கத்தியெல்லாம் எடுத்து உள்ளே பூட்டிவிடலாம் என்றேன். அதற்கு அன்செல்மோ, "அப்ப இருநூறு பேரும் மாட்டைக் கடிச்சா திம்பாங்க?" என்கிறார். உன் சௌகரியம் எப்படியோ அப்படியே செய்வோம். கூடத்தில் கதவுப் பக்கம் உனக்கு நாற்காலி, போக வர வசதியாக. நொயெமியிடம் நீ வருகிறாய் என்று சொல்லிவிட்டேன். வீடு முழுக்கச் சுற்றிச் சுற்றி ஆடுகிறாள்.

வா.

உன் அக்கா


பேருந்து நிலையம், ரொசாரியோ,
14 ஆகஸ்ட்

அக்கா,

செருப்புப் பெட்டிக்குள் இதை வைக்கிறேன். ஓட்டுநர் நல்ல மனிதர், நாளைக் காலை மெர்செதெஸில் சேர்த்துவிடுவார்.

டிக்கெட் வாங்கினேன். முடி வெட்டினேன். பேக்கரி முதலாளியின் கோட்டு கூட இரவல் வாங்கிப் போட்டிருக்கிறேன். பேருந்து வந்தது, எல்லோரும் ஏறினார்கள். என் கால் ஏறவில்லை.

உன் ஜூன் கடிதத்தை மனப்பாடமாக வைத்திருக்கிறேன். வெடிக்கு எழுதினாய், கத்திக்கு எழுதினாய், நாற்காலிக்குக்கூட எழுதினாய். நான் கேட்டது ஒரே கேள்வி. அதற்கு மட்டும் நீ எழுதவில்லை. உன்மேல் தப்பில்லை, எனக்கே பதில் தெரியாதபோது நீ எங்கே போவாய்? ஆனால் கதவுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, இருநூறு பேர் என் கையையே பார்க்க, மகள் காலைத் தொட என்னால் முடியாது.

செருப்பு வெள்ளை. இடது கால் பெரிதாக வரைந்திருந்ததை நம்பவில்லை. வலது காலை வைத்துத்தான் வாங்கினேன். கடிக்காது.

அத்தானை ஆடச் சொல்.

கிரிஸ்பின்


மெர்செதெஸ்,
20 ஆகஸ்ட்

தம்பி,

விழா நடந்தது. பெட்டி காலையிலேயே வந்துவிட்டது. உன் கடிதத்தை நொயெமிதான் முதலில் எடுத்தாள், எனக்கு முன்னால் அவளே படித்துவிட்டாள். பிடுங்கப் போனேன், கொடுக்கவில்லை. படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அத்தை, நீங்க ஏன் பதில் எழுதல?"

ஏன் எழுதவில்லை என்று உனக்கும் சொல்கிறேன். உன் கதையைப் படித்து அழுதேன், கார்ப்பரலைச் சபித்தேன், முளை பிடுங்கியதற்கு அன்செல்மோவை மெச்சினேன். ஆனால் அந்தக் கேள்வி வந்ததும் அதே பழைய பயம். உன்னைத் தூக்கி வளர்த்த எனக்கு. வெட்கமாக இருந்தது, அதனால் கத்தியையும் நாற்காலியையும் பற்றி எழுதினேன்.

சனிக்கிழமை வால்ட்ஸ் போட்டார்கள். அன்செல்மோ புதுச் செருப்பை எடுத்துக்கொண்டு நடுவில் போய் மண்டியிட்டார். அவள் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "கோவிச்சுக்காதீங்க மாமா, இத மாட்ட வேண்டியவரு ஒருத்தர் இருக்காரு" என்றாள். பாட்டு முடியும்வரை இருநூறு பேர் முன்னால் அந்தத் தட்டைச் செருப்போடு தனியாக நின்றாள். யாருடனும் ஆடவில்லை. மருந்துக்கடைக்காரி என்னிடம் வந்து, "என்னடி இது?" என்றாள். "அவ அப்பனுக்குக் காத்திருக்கா, உனக்கென்ன?" என்றேன். பதினாறு வருடத்தில் நான் அவளுக்குக் கொடுத்த முதல் பதில்.

உன் டாக்டரம்மாவுக்குத் திங்கட்கிழமை போன் செய்தேன். பேக்கரிக்கும் செய்தேன். உனக்கு ஊரிலிருந்து ஒரு பார்சல் வருகிறது, வெள்ளிக்கிழமை காலை பேருந்து நிலையத்துக்குப் போய் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள் என்று மட்டும் முதலாளியிடம் சொன்னேன். இந்நேரம் நீ வாங்கியிருப்பாய். இந்தத் தாளை உன் கையில் கொடுத்துவிட்டு எதிரே நிற்கிறாளே, அவள்தான் அந்தப் பார்சல்.

நானும் கூட வருகிறேன் என்று அன்செல்மோ சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினார். வேண்டாம் என்றேன். எனக்கும் வரத்தான் ஆசை. வரவில்லை.

நீ கேட்டதற்கு இதுதான் என் பதில். அவளைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். ஒரு வாரம் உன்னோடு இருக்கட்டும்.

பயணத்தில் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள். முதலில் ரொட்டி கொடு. பிறகு செருப்பை மாட்டிவிடு, பெட்டி அவள் கையில்தான் இருக்கிறது.

தெயோலிந்தா